மிதிபடகுக்கு வந்த மாத்தாள்

வாசலூர்பட்டியில் எங்கள் வேன் போய் நின்றபோது எல்லோரும் ஏரியைப் பார்த்தார்கள். நான் டிக்கெட் கவுன்டர் பக்கம் பார்த்தேன். அங்கே ஆறு பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். தலையில் துண்டு, கையில் மத்தியானச் சோற்றுத் தூக்குப்போசி, புடவையைத் தூக்கிச் செருகிய கோலம். மிளகு பறிக்கவோ கிழங்கு பிடுங்கவோ கிளம்பிய ஆட்கள் என்று யார் பார்த்தாலும் சொல்லிவிடுவார்கள்.

வரிசையில் முதல் ஆளாக நின்றது என் அம்மா.

நிவேதா ஜன்னலில் தலையை நீட்டி, "ஏய் சத்யா, உங்கம்மாவும் போட்டிங் வந்திருக்காங்களா? சோ ஸ்வீட்!" என்று கத்தினாள்.

அம்மா போட்டிங் வரவில்லை, வேலைக்கு வந்திருந்தாள். யாருடைய வேலை என்று சொல்வதற்கு முன்னால், சேலத்தில் படித்த காலத்தில் நாங்கள் எப்படி ஓய்வெடுத்தோம் என்பதைச் சொல்லியாக வேண்டும். போன வாரம் இந்தப் பத்தியில் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி நான் புலம்பியதைப் படித்த வாசகி ஒருவர், "படிக்கிற வயதில் சந்தோஷமாக ஒன்றுமே செய்யவில்லையா?" என்று கேட்டிருக்கிறார். செய்தோம் அம்மணி. மூச்சு வாங்க வாங்கச் செய்தோம்.

ஓய்வு என்னும் கட்டாயப் பாடம்

எங்கள் கல்லூரியில் மன அழுத்தத்தைக் குறைக்க ஒரு பயிலரங்கம் நடத்துவார்கள். சனிக்கிழமை முழுக்க நடக்கும். வராவிட்டால் அட்டென்டன்ஸ் போய்விடும். மூடிய அரங்கில் கண்ணை மூடி, கடலோரத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொல்வார் ஒருவர். சேலத்து வெயிலில் ஃபேன் இல்லாத மூலையில் உட்கார்ந்து கடலை நினைத்துக்கொண்ட அனுபவம் எனக்கு உண்டு. அதற்குப் பிறகுதான் எனக்கு அழுத்தம் என்ற ஒன்று வந்தது.

மற்றபடி ஊரில் ஓய்வுக்குப் பஞ்சமில்லை. ஏசிக்காக மாலுக்குப் போய் எதையும் வாங்காமல் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு வரலாம். நூலகத்தில் தூங்கலாம், அங்கே யாரும் சத்தம் போட மாட்டார்கள். பையன்களாக இருந்தால் பைக்கை எடுத்துக்கொண்டு நினைத்த நேரத்தில் ஏற்காடு போகலாம். பெண்களாக இருந்தால் ஏற்காட்டைப் பற்றிப் பேசலாம். ஞாயிறு ஒரு நாள் வெளியே போக வார்டனிடம் சீட்டு வாங்குவதற்குள் அந்த ஞாயிற்றின் பாதி முடிந்துவிடும்.

இந்த ஓய்வுத் துறைக்கு எங்கள் அறையில் ஒரு தலைவி இருந்தாள். நிவேதா, சென்னைக்காரி. ஞாயிற்றுக்கிழமையைச் சும்மா விட்டுவிட்டால் அது யாருக்கோ செய்யும் துரோகம் என்று நினைப்பாள். காலையிலேயே எல்லோரையும் எழுப்பி, குளிக்க வைத்து, ஒரே நிறத்தில் துணி போட வைத்து, எங்கேயாவது இழுத்துக்கொண்டு போய், சிரிக்கச் சொல்லிப் படம் எடுப்பாள். திங்கட்கிழமை வகுப்பில் உட்காரும்போதுதான் எங்கள் கால்களுக்கு ஓய்வு கிடைக்கும்.

நான் கொல்லிமலைக்காரி என்று தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு என்மேல் தனிப் பாசம். "உங்க வீட்ல தேன் இருக்குமா? மூலிகை தெரியுமா? கரடி பார்த்திருக்கியா? நெட் வருமா?" கொல்லிமலையின் எடப்புளி நாட்டில் என் வீடு இருக்கும் இடத்தில் கரடியையும் பார்க்கலாம், நெட்டும் வரும். இரண்டுமே சொல்லிவிட்டு வருவதில்லை.

மற்றவர்களுக்கு மலை என்பது லீவுக்குப் போகும் இடம். எனக்கு லீவு விட்டால் அங்கே வேலை இருக்கும். இதை நிவேதாவிடம் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். "யூ ஆர் ஸோ லக்கி" என்றாள்.

காற்று அடித்த நாள்

முதல் தடவை வேன் நிறையத் தோழிகளைக் கூட்டிக்கொண்டு மலைக்கு வந்தது ஒரு பனிக்காலத்தில். முள்ளுக்குறிச்சி வழியாக ஏறினோம். அங்கே எங்கள் வகுப்புத் தோழி ஷாஹிதாவின் அப்பாவுக்கு மிளகுக் கடை. மலையிலிருந்து இறங்கும் மிளகும் காப்பிக்கொட்டையும் அவர் கடையில்தான் எடை ஏறும். என் அம்மாவும் அங்கேதான் போடுவாள். ஷாஹிதா கடைவாசலில் ஏறிக்கொண்டாள், கை நிறைய எலுமிச்சம்பழத்தோடு. கொல்லிமலையின் பேர்போன எழுபது வளைவுகளை எண்ணி வீடியோ போடத் தயாராக வந்த நிவேதாவுக்கு, அந்த எழுபது வேறு பக்கத்து ரோட்டில் இருக்கிறது என்று தெரிந்ததும் முகம் விழுந்துவிட்டது. எண்ணாத வளைவுகளில்கூட வாந்தி வரும் என்பது சற்று நேரத்தில் அவளுக்குப் புரிந்தது.

வாசலூர்பட்டி ஏரிக்கு வந்தால் காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. படகு விடமாட்டோம் என்றார்கள். இவ்வளவு தூரம் வந்து, ஒரே நிறத்தில் துணி போட்டு, கரையில் நிற்பதா?

"உங்க வீடு பக்கம்தானே?" என்றாள் நிவேதா.

வீட்டில் அன்று அம்மா சாமைக் கதிரைக் களத்தில் போட்டிருந்தாள். பாறைமேல் கதிரைப் பரப்பி, கோலால் அடித்து, காலால் தேய்த்து, காற்றில் தூற்ற வேண்டும். படகை நிறுத்திய அதே காற்றுக்காகத்தான் அம்மா பல நாளாகக் காத்துக்கொண்டிருந்தாள். அப்பா போர் லாரியில் வேலை செய்கிறவர். வட நாட்டில் எங்கோ யாருக்கோ ஆழ்துளைக் கிணறு தோண்டிக்கொண்டிருப்பார். ஆகவே களத்தில் அம்மாவும் சின்னம்மாவும் மட்டும்தான்.

வேனிலிருந்து இறங்கிய கூட்டத்தைப் பார்த்து அம்மா, "வாங்க கண்ணு, வாங்க சாமி" என்றாள். அவ்வளவுதான். அடுத்த நிமிடம் ஆளுக்கொரு கோல். "வாவ், ஆக்டிவிட்டி!" என்று நிவேதா கூவினாள். எல்லோரும் அடித்தார்கள், மிதித்தார்கள். முறத்தைத் தலைகீழாகப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். பாதிச் சாமை பாறையிலும் மீதி அவர்கள் தலைமுடியிலும் இருந்தது. ஆனாலும் சொல்ல வேண்டும், சாயங்காலத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. அம்மாவும் சின்னம்மாவும் தனியாகச் செய்திருந்தால் காற்று நின்றிருக்கும்.

வேன் புறப்படும்போது நிவேதா, "தேங்க்ஸ் ஆன்ட்டி, ரொம்ப ரிலாக்ஸா இருந்துச்சு" என்றாள்.

அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. வேனுக்குள் இருந்த தலைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குத் தெரியும். அவள் ஆள் கணக்கு எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஆளுக்கு ஆள்

எங்கள் ஊரில் மாத்தாள் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. நீ என் காட்டில் ஒரு நாள் வேலை செய்தால், நான் உன் காட்டில் ஒரு நாள் வேலை செய்வேன். கூலி பேச்சே கிடையாது. வாங்கிய ஆளைத் திருப்பிவிட வேண்டும். வேலை கொடுத்தவர் சாயங்காலம், "நெறஞ்சுதுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால்தான் அது தீர்ந்தது. "போதும்" என்று சொல்லக் கூடாது. வேலை பிடிக்காதபோது சொல்கிற வார்த்தை அது.

ஆண் துணை பக்கத்தில் இல்லாத அம்மா இத்தனை வருடமாகக் காட்டை விடாமல் வைத்திருப்பது இந்த ஒரு வழக்கத்தால்தான். அவள் யாருக்கும் ஆள் பாக்கி வைத்ததில்லை. அதனால் அவள் கூப்பிட்டு யாரும் வராமல் இருந்ததில்லை. இதற்குமேல் அவளாக வைத்துக்கொண்ட ஒரு பிடிவாதம் உண்டு. ஆளைத் திருப்பும்வரை அந்த வெள்ளாமையை உலையில் போட மாட்டாள்.

அடுத்த வாரமே போன் வந்தது.

"ஏஞ்சாமி, அந்தப் புள்ளைங்களுக்கு வேல எப்போன்னு கேட்டியா?"

"அவங்களுக்கு வேல ஒண்ணுமில்லம்மா. சும்மா ஜாலிக்கு வந்தாங்க."

"ஜாலிக்கு வந்தவங்க கையில கொப்புளம் வர்ற வரைக்கும் அடிப்பாங்களா? கேட்டுச் சொல்லு."

"அவங்க படிக்கிறவங்கம்மா. எழுதறதுதான் வேல."

"எழுதறதுக்கு நாங்க வர முடியாது. வேற என்ன செய்வாங்க?"

வேன் நிறைய முதுகலை மாணவிகள். அவர்களுக்கு ஒரு கை உதவி தேவைப்படுகிற வேலை ஒன்றைக்கூட என்னால் யோசித்துச் சொல்ல முடியவில்லை. துணி துவைக்கிறதைச் சொல்லலாம். என் அம்மா இவர்களுக்குத் துணி துவைப்பதா? நினைத்தபோதே எனக்குக் கோபம் வந்தது.

பரீட்சை வந்துவிட்டது. மூட்டைச் சாமையைப் பரண்மேல் வைத்துக்கொண்டு அம்மா ரேஷன் அரிசி பொங்கிச் சாப்பிட்டாள். "வயிறு கல்லாட்டம் கெடக்குது" என்று சின்னம்மாவிடம் சொன்னாளாம். என்னிடம் சொல்லவில்லை. பரீட்சை முடிந்தால் நிவேதா சென்னைக்குப் போய்விடுவாள், மற்றவர்கள் ஆளுக்கொரு திசை. அப்புறம் யாரிடம் போய் ஆளைத் திருப்புவது? அந்தச் சாமை பரண்மேலேயே உளுத்துப் போகும், அம்மா தொடமாட்டாள். எனக்கு அவளை நன்றாகத் தெரியும்.

கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாள், போன தடவை விட்டுப்போன போட்டிங்கை முடித்துவிட்டுப் பிரிவோம் என்று நிவேதா முடிவு செய்தாள். அம்மாவிடம் நான் மூச்சு விடவில்லை. ஆனால் மிளகு போட வந்த அம்மாவிடம் ஷாஹிதா கடையில் வைத்தே சொல்லிவிட்டாள்: "வியாழக்கிழம நாங்கல்லாம் ஏரிக்கு வாரோம்மா, போட்டிங்."

"அதுல என்ன செய்வீங்க கண்ணு?"

"படகுல ஏறி மிதிக்கோணும்மா."

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டதாம். ஷாஹிதா பிறகு சொன்னாள்.

எந்தக் கரைக்குப் போவணுங்க?

இனி அந்த வியாழக்கிழமைக்கு, டிக்கெட் கவுன்டருக்கு வருவோம்.

அம்மா முன்னால் வந்து நிவேதாவின் எதிரில் நின்றாள். "ஏனுங்க கண்ணு, இன்னிக்கு உங்க வேலைங்களாமா. மாத்தாளு வந்திருக்கோமுங்க. நீங்க வேன் நெறைய வந்தீங்க, நாங்க ஆறு பேருதான் வந்திருக்கோம். கொறயா நெனச்சுக்காதீங்க. புள்ளைங்க ரெண்டு பேரு சேந்தாத்தான் ஒரு ஆளுன்னு கணக்குப் போட்டோம்."

வேனிலிருந்து இறங்கிய இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அந்த நேரம் நான் வேண்டிக்கொண்டது ஒன்றுதான். என் அம்மாவின் முகம் வாடக் கூடாது. இவர்களில் ஒருத்தி "ஐயோ, இதெல்லாம் வேண்டாம் ஆன்ட்டி" என்று பெரிய மனசோடு சொல்லிவிட்டால் அம்மா அங்கேயே குறுகிப் போவாள்.

நிவேதா போனைத் தூக்கினாள். ஷாஹிதா அவள் கையை மெல்லக் கீழே இறக்கினாள். "வேல நேரத்துல போன் எடுக்கக் கூடாது சாமி" என்று என் அம்மா குரலிலேயே சொன்னாள். பிறகு இரண்டே வாக்கியத்தில் மாத்தாளைப் பற்றி நிவேதாவுக்குச் சொன்னாள். மலையோடு வியாபாரம் பண்ணுகிற வீட்டுப் பெண் அவள்.

நிவேதா போனைப் பைக்குள் போட்டாள். அவளாக அதை உள்ளே வைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு, "சரி ஆன்ட்டி. போட்டிங்தான் எங்க வேலை. வாங்க" என்றாள்.

முன்னால் இரண்டு பேர் மிதிக்க, பின்னால் இரண்டு பேர் உட்காரும் படகு. எங்கள் மலை ஏரிதான், ஆனால் அந்த ஆறு பேரில் ஒருவர்கூட அதில் அதுவரை ஏறியதில்லை. புடவைக்குமேல் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அம்மாவும் சின்னம்மாவும் முன்னால் உட்கார்ந்தார்கள். நானும் நிவேதாவும் பின்னால். மிதிக்கத் தொடங்கினார்கள் பாருங்கள், படகு சீறிக்கொண்டு போய் எதிர்க்கரைப் புதரில் முட்டியது. திருப்புகிற கைப்பிடியை யாரும் தொடவில்லை.

"எந்தக் கரைக்குப் போவணுங்க?" என்று அம்மா திரும்பிக் கேட்டாள்.

"எந்தக் கரைக்கும் இல்ல ஆன்ட்டி. சும்மா ஒரு ரவுண்டு."

"ரவுண்டு போயி?"

"திரும்பி வந்துடணும்."

அம்மா புதரைக் கையால் தள்ளிப் படகை விலக்கினாள். "சும்மா போயிட்டு வரதுக்கா இம்புட்டு மிதி?" என்று சின்னம்மாவிடம் மெதுவாகக் கேட்டாள். சின்னம்மா, "படிச்சவங்க வேல, நமக்கென்ன தெரியும், மிதி" என்றாள்.

ரவுண்டு முடிந்தது. கரையிலிருந்து படகுக்காரர் விசில் ஊதினார். எங்கள் இருவரையும் இறக்கிவிட்டு, அடுத்த இருவரை ஏறச் சொன்னாள் அம்மா. மற்ற நாலு பெண்கள் மிதித்த இரண்டு படகுகளிலும் அப்படியே. படகுக்காரர் மறுபடி விசிலை வாயில் வைத்தார்.

"தம்பி, மாத்தாளு வேலைங்க" என்றாள் அம்மா.

அவரும் மலைக்காரர்தான். விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "கூட்டமில்லீங்க, நீங்க ஓட்டுங்க" என்றார்.

ஓட்டினார்கள். எல்லாத் தோழிகளும் ஒரு முறை ஏறி இறங்கினார்கள். பிறகு இரண்டாவது முறை. முதல் ரவுண்டில் கூச்சல், பாட்டு. இரண்டாவதில் சத்தம் குறைந்தது. மூன்றாவதில் ஒருத்திக்குத் தலை சுற்றியது. முன்னால் இரண்டு பெண்கள் வியர்க்க வியர்க்க மிதிக்க, பின்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று அன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது. யாரும் படம் எடுக்கவில்லை.

மத்தியானம் ஆறு பேரும் கரையில் வட்டமாக உட்கார்ந்து தூக்குப்போசியைத் திறந்தார்கள். ஐந்து போசியில் ராகிக் களி. அம்மாவுடையதில் ரேஷன் அரிசிச் சோறு. தோழிகள் அருவிக்குப் போகலாமா என்று தங்களுக்குள் கிசுகிசுத்தார்கள். நிவேதா அம்மாவிடம் போய் ரொம்பப் பணிவாக, "போதும் ஆன்ட்டி" என்றாள்.

அம்மாவின் கை சோற்றில் அப்படியே நின்றது. "வேல சரியில்லீங்களா கண்ணு?"

நான் ஓடிப்போய், "இல்லம்மா, சாப்பிட்டது போதுமான்னு கேக்கறா" என்று சமாளித்தேன். எழுந்து கையைக் கழுவிக்கொண்டு அம்மா மறுபடி படகில் ஏறிவிட்டாள். அருவி அன்றைக்கு அருவியாகவே இருந்தது, எங்களைப் பார்க்காமல்.

ஏரிக்கரை மரத்தடியில் நான் நிவேதாவை நிறுத்திச் சொன்னேன். அம்மா பரண்மேல் வைத்திருக்கும் சாமையைப் பற்றி, தினமும் பொங்குகிற ரேஷன் அரிசியைப் பற்றி, எந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும், எப்போது சொல்ல வேண்டும் என்பதைப் பற்றி. கிண்டலாகச் சொல்லத்தான் நினைத்தேன். பாதியில் அழுகை வந்துவிட்டது. அவள் திரும்பி நடந்துபோய் அம்மாவின் படகில் ஏறினாள். சாயங்காலம்வரை இறங்கவில்லை.

பொழுது இறங்கியபோது

வெயில் மலைக்குப் பின்னால் போனதும் படகுகள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்தன. ஆறு பெண்களும் இறங்கி, லைஃப் ஜாக்கெட்டுகளை மடித்து வைத்துவிட்டு, மறுபடி வரிசையாக நின்றார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலித்திருக்க வேண்டும், ஒரு காலை மாற்றி மாற்றி ஊன்றினாள். கண் மட்டும் நிவேதாமேலேயே இருந்தது.

நிவேதா முன்னால் வந்தாள். சென்னையில் பிறந்து வளர்ந்த நாக்கு அந்த வார்த்தையை எங்கே மறந்துவிடுமோ என்று எனக்குப் பயம்.

"நெறஞ்சுதுங்கம்மா" என்றாள்.

ஆன்ட்டி இல்லை, அம்மா. அதுவும் 'ங்க' போட்டு.

அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு நிம்மதியாக நான் அதைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. "நல்லா இருங்க சாமி" என்று நிவேதாவின் கன்னத்தைத் தடவினாள். பிறகு என் பக்கம் திரும்பி, வழக்கமான குரலில், "போயி ஒலை வெக்கோணும். சாமைய எறக்கோணும். நேரமாச்சு, வாரேன்" என்றாள்.

ஆறு பேரும் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு மேட்டுப் பாதையில் ஏறத் தொடங்கினார்கள். எங்கள் கூட்டம் வேனருகில் துவண்டு கிடந்தது. ஒருத்திக்கு இடுப்பு வலி, ஒருத்திக்கு வாந்தி, எல்லோருக்கும் வெயிலில் முகம் கறுத்திருந்தது. ஒரே நிறத்தில் போட்டுக்கொண்ட துணி கசங்கி ஆளுக்கொரு நிறமாகியிருந்தது.

மேட்டில் ஒரு முறை நின்று அம்மா அவர்களைத் திரும்பிப் பார்த்தாள். அவள் சின்னம்மாவிடம் சொன்னது காற்றில் எங்களுக்கும் கேட்டது. கேலி துளியும் இல்லை. உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னாள்:

"பாவம் புள்ளைங்க. லீவு நாள்லகூட அதுங்களுக்கு ஓய்வில்ல."